வெளிமூலம்: சனிக்கிழமை வந்த கட்டி, கடையில் என்ன களிம்பு கேட்பது?

குட்டியானை_கடலூர் | ஞாயிறு, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு மீன் லோடு அடிக்கிறேன், சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி. நேற்று விடியற்காலை ஐஸ் பெட்டிகளை ஏற்றி முடித்ததும் ஆசனவாயில் சுருக்கென்று ஒரு வலி. மதியத்துக்குள் திராட்சைப் பழம் அளவுக்குக் கட்டி வந்துவிட்டது. தொட்டால் கெட்டியாக இருக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நீலமும் கருஞ்சிவப்புமாகத் தெரிகிறது. ரத்தம் வரவில்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் உட்கார முடியவில்லை. இரண்டு நாளாக ஒருக்களித்து உட்கார்ந்துதான் வண்டி ஓட்டினேன். வீட்டில் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மருந்துக் கடையில் எப்போதும் தெரிந்தவர்கள் நிற்கிறார்கள். களிம்பு பெயர் சொன்னால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்வேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். வழியெல்லாம் சுவரில் "மூலம், பவுத்திரம், ஒரே ஊசியில் குணம்" என்று ஒட்டியிருக்கிறார்கள். ஒரு நம்பரைக் குறித்து வைத்திருக்கிறேன். போகலாமா?

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 10:52

தம்பி, அந்த நம்பரை முதலில் அழித்துவிடுங்கள். ஏன் என்று காலையில் விரிவாக எழுதுகிறேன்.

வில்லியனூர்_நர்ஸ் | ஞாயிறு, இரவு 11:20

தம்பி, நான் இருபத்தெட்டு வருடம் அறுவை சிகிச்சை வார்டில் இருந்து ஓய்வு பெற்றவள். திடீரென்று வந்த கட்டி, நீல நிறம், ரத்தம் இல்லாத கடும் வலி என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ரத்தம் உறைந்த வெளிமூலமாக இருக்கலாம். ஆனாலும் கண்ணால் பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இன்று இரவைத் தாண்டுவதற்குச் சொல்கிறேன். அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் அதில் உட்காருங்கள். உப்பு, டெட்டால், மஞ்சள் எதுவும் கலக்க வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். பிறகு பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யலாம். ஐஸ் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கமும் வலியும் கொஞ்சம் மட்டுப்படும். வெறும் ஐஸைத் தோலில் வைக்காதீர்கள். பாராசிட்டமால் போடலாம், ஆனால் ஈரல் கோளாறோ தினமும் குடிக்கிற பழக்கமோ இருந்தால் கேட்காமல் போடக் கூடாது. கட்டியை உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டாம், வெளிமூலம் உள்ளே போகிற பொருள் இல்லை. ஊசியால் குத்திவிட வேண்டும் என்று மட்டும் நினைக்கவே வேண்டாம். வார்டில் அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

களிம்பு பெயரை இப்போது சொல்ல மாட்டேன். பல மூலக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் தடவினால் அந்த இடத்துத் தோல் மெலிந்து போகும். அடியில் சீழ்க்கட்டி இருந்தால் களிம்பு அதை மறைத்துவிடும், அவ்வளவுதான்.

அப்புறம், வீட்டில் சொல்லுங்கள். வெந்நீர் வைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், தம்பி.

பாகூர்_ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 11:48

எங்கள் மாமியார் காலத்தில் துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி இளஞ்சூட்டில் வைத்துக் கட்டுவார்கள். துத்திக் கீரையைக் கடைந்து சோற்றில் போட்டும் சாப்பிடுவோம். கருணைக்கிழங்கும் நல்லது. இரண்டு நாளில் வாடிவிடும் தம்பி, பயப்படாதீர்கள்.

அறுவை_மாணவர் | திங்கள், காலை 5:35

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் படித்தேன். புதுச்சேரியில் பொது அறுவை சிகிச்சையில் முதுகலை படிக்கிறேன். நேரம் முக்கியம் என்பதால் நேராகச் சொல்கிறேன்.

ஆசனவாய்க்குள் ஏறத்தாழ 2 செ.மீ. உயரத்தில் டென்டேட் கோடு என்று ஒரு எல்லை உண்டு. அதற்கு மேலே இருப்பது குடலின் உள்தோல், அங்கே கிள்ளினாலும் வலி தெரியாது. கீழே இருப்பது நம் வெளித்தோலின் தொடர்ச்சி. விரல் நுனியில் முள் குத்தினால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் அங்கே வலிக்கும். அதனால்தான் கோட்டுக்கு மேலே வருகிற உள்மூலம் பெரும்பாலும் வலியில்லாமல் சொட்டுச் சொட்டாக ரத்தம் விடுகிறது, கீழே வருகிற வெளிமூலம் ரத்தம் விடாமல் வலியாலேயே வாட்டி எடுக்கிறது. கோட்டுக்கு மேலேயும் கீழேயும் மெத்தை போன்ற ரத்தக்குழாய்த் திரட்சிகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. அவை வீங்கித் தொல்லை கொடுக்கும்போதுதான் மூலம் என்கிறோம். முக்கினாலோ கனம் தூக்கினாலோ வெளிமெத்தையில் ரத்தம் தேங்கி உறைந்துபோவதுண்டு. உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம்.

இந்த வலி முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும். பிறகு தானாகவே இறங்கி, ஒரு வாரம் பத்து நாளில் வேலைக்குப் போகிற அளவுக்கு வந்துவிடும். கட்டி கரைய இன்னும் சில வாரம் ஆகும். அதனால் பலருக்கு வெந்நீர், வலி மாத்திரை, மலத்தை இளக்கும் மருந்து போதும். ஆனால் வலி தாங்க முடியாமல் இருந்து, தொடங்கி 72 மணி நேரத்துக்குள் வந்தால், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து கட்டியைத் தோலோடு சேர்த்து எடுத்துவிடலாம். சும்மா கீறி உறைகட்டியைப் பிதுக்கி எடுத்தால் திரும்ப நிரம்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். 72 மணி தாண்டிவிட்டால் வலி இறங்கும் முகத்தில் இருக்கும், அப்போது கத்தி வைப்பதால் பெரிய லாபம் இல்லை. உங்கள் கணக்கில் நாளை விடியற்காலையோடு அந்த நேரம் முடிகிறது. எனவே இன்று.

பாகூர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கீரையும் கிழங்கும் சாப்பிடுவது நல்லதுதான், நானே சொல்வேன். சூடாக எதையும் வைத்துக் கட்டுவதுதான் பயமாக இருக்கிறது. வீங்கி மின்னுகிற தோல் சீக்கிரம் வெந்துவிடும்.

குட்டியானை_கடலூர் | திங்கள், காலை 6:05

மூன்று மணி லோடுக்குத் தம்பியை அனுப்பிவிட்டேன். வெந்நீரில் உட்கார்ந்தது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மனைவியிடம் சொன்னேன். மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்கு இரண்டு பேருமாகக் கிளம்புகிறோம்.

கெடிலக்கரை | திங்கள், காலை 8:30

சொன்னபடி எழுதுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் எனக்கும் இப்படித்தான். வெட்கப்பட்டுக்கொண்டு சுவரில் பார்த்த ஒரு இடத்துக்குப் போனேன். ஊரையும் பெயரையும் எழுத மாட்டேன். மாடியில் ஒரு அறை, திரைச்சீலை, கட்டில். அவர் இரண்டு நொடி பார்த்தார், "வேர் வரைக்கும் கரைத்துவிடலாம்" என்றார், ஊசி போட்டார். என்ன மருந்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரசீதும் கிடையாது. அன்று இரவு அந்த இடம் நெருப்பு வைத்தது போல ஆனது. நாலாம் நாள் தோல் கறுத்து உரிந்தது. புண் ஆறும்போது ஆசனவாய் சுருங்கிவிட்டது. சுண்டு விரல் பருமனுக்குக் கூட மலம் போகாமல் நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. கடைசியில் ஒரு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து சரிசெய்தார்கள்.

அங்கே இருந்த மருத்துவர்தான் விளக்கினார். மூலத்தைச் சுருக்க ஊசி போடுகிற முறை மருத்துவத்தில் உண்டு, ஆனால் அது வலி தெரியாத உள்மூலத்துக்கு மட்டும், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட அளவில் போடுவது. வெளித்தோலில் போட்டால் தோல் வெந்து போகும். எனக்கு நடந்தது அதுதான். எனக்கு அப்போதே யாராவது "அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கு, யாரும் சிரிக்க மாட்டார்கள்" என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

நெறியாளர் | திங்கள், காலை 9:10

கிளினிக் பெயர், தொலைபேசி எண், களிம்பின் வணிகப் பெயர் யாரும் போட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

குட்டியானை_கடலூர் | திங்கள், பிற்பகல் 3:25

வீட்டுக்கு வந்துவிட்டேன். படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஓ.பி. சீட்டு வாங்கி அறுவை சிகிச்சைப் பிரிவில் காத்திருந்தோம். என்ன பிரச்சினை என்று கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை, மனைவிதான் சொன்னார். இடது பக்கமாகப் படுக்கச் சொல்லி, கையுறை போட்டுப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. ரத்தம் உறைந்த வெளிமூலம்தான், சீழ் இல்லை என்றார் மருத்துவர். எடுத்தாலும் சரி, பொறுத்துக்கொண்டாலும் சரி, இரண்டும் தப்பில்லை என்று இரண்டையும் விளக்கினார். இரண்டு இரவு தூங்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்றேன்.

மரக்க ஊசி போடும்போது சில நொடி நன்றாகவே வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை. எடுத்ததைக் காட்டினார்கள். நாவல் பழக் கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒரு துண்டு. இதற்காகவா இவ்வளவு என்று தோன்றியது. தையல் இல்லை, புண்ணைத் திறந்தேதான் விட்டிருக்கிறார்கள், உள்ளேயிருந்து ஆறி வர வேண்டுமாம். துணியில் கொஞ்சம் ரத்தம் படும், நிற்காமல் வழிந்தால் உடனே வரச் சொன்னார்கள். மலம் இளக லாக்டுலோஸ் சிரப், வலி மாத்திரை, மரக்கும் ஜெல். கனம் தூக்க இரண்டு வாரம் தடை. கையிலிருந்து செலவானது ஆட்டோவுக்கு மட்டும்தான்.

முத்தியால்பேட்டை_அம்மா | திங்கள், மாலை 6:40

நல்ல செய்தி. பெண்கள் படித்தால் பயன்படட்டும் என்று என் கதையையும் எழுதுகிறேன். இரண்டாவது பிரசவம் முடிந்து ஐந்தாம் நாள் எனக்கு இதே கட்டி. கடைசி மூன்று மாத கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் இது நிறையப் பேருக்கு வருகிறது. வயிற்றுப் பாரம் அழுத்துகிறது, பிரசவத்தில் முக்குகிறோம், இரும்புச் சத்து மாத்திரை மலத்தை இறுக்குகிறது. அதோடு நம் வீடுகளில் பத்தியம். பூண்டுக் குழம்பும் கருவாடும்தான் சாப்பாடு, காய் கிடையாது, பழம் கிடையாது, தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று சொம்பைப் பிடுங்கி வைக்கிறார்கள். பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் மலம் கல்லாகாமல் என்ன ஆகும்?

எனக்குக் கத்தி வைக்கவில்லை. வெந்நீர், மலம் இளக்கி, பாலூட்டும்போது பாதுகாப்பானது என்று மருத்துவர் சொன்ன வலி மாத்திரை, இவ்வளவுதான். நாலாம் நாளிலிருந்து வலி இறங்கியது. பெண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்றால் கேளுங்கள், அல்லது நர்ஸ் கூட நிற்கட்டும் என்று சொல்லுங்கள். எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனைக்குச் செக்கப் போகிறவர்கள் அங்கேயே வாய் திறந்து சொல்லலாம். பிள்ளை பெற்ற இடத்தைக் காட்டியவர்களிடம் இதைச் சொல்ல நான் ஏன் ஐந்து நாள் தயங்கினேன் என்று இன்றும் வருத்தம் உண்டு.

மீன்_குழம்பு_பிரியன் | திங்கள், இரவு 8:15

கோழி, காரம், முட்டை எல்லாம் உடல் சூடு, அதனால்தான் மூலம் என்கிறார்களே? அக்னி நட்சத்திரத்தில் எனக்குக் கட்டாயம் வருகிறது.

அறுவை_மாணவர் | திங்கள், இரவு 9:30

கோடையில் வருவதாக நீங்கள் கவனித்தது சரியாக இருக்கலாம், காரணம்தான் வேறு. வியர்வையில் தண்ணீர் போகிறது, அதைத் திரும்பக் குடிப்பதில்லை, மலம் இறுகுகிறது. கோழியில் விஷம் இல்லை, நார்ச்சத்துதான் இல்லை. தட்டில் கறியும் வெள்ளைச் சோறும் மட்டும் இருந்து காய் இல்லாமல் போவதுதான் சிக்கல். காரம் மூலத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே ஆசனவாய்த் தோலில் வெடிப்பு இருந்தால் எரிச்சலைக் கூட்டும்.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் இருக்கிறது, கம்பிலும் அப்படித்தான். தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. ஆகக் காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்தவர்களுக்கு இருந்த பாதுகாப்பு நமக்கு இல்லை. கொய்யாப்பழம் நல்லது. இசப்கோல் உமி எடுத்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு எடுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே அடைத்துக்கொள்ளும். திடீரென்று நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பும், வாரக் கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். விளக்கெண்ணெய் குடித்து வயிற்றுப்போக்கை வரவழைப்பதும் தப்பு. போக்கும் அந்தத் தோலைப் புண்ணாக்கும்.

இன்னொன்று, அடக்குவது. விடியற்காலை மூன்று மணிக்கு லோடு ஏற்றுகிற டிரைவர், கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண், எல்லோரும் வருகிற உணர்வை அடக்குகிறார்கள். அடக்க அடக்கப் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் ஏதாவது சூடாகக் குடித்து அரை மணிக்குள் குடல் தானாக அசையும், அந்த நேரத்தை விடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

லாஸ்பேட்டை_2 | செவ்வாய், காலை 7:20

லேசரில் செய்தால் வலியே இல்லை, அன்றே வீடு என்கிறார்களே? ரப்பர் வளையம் போடலாமா?

அறுவை_மாணவர் | செவ்வாய், பிற்பகல் 1:50

ரப்பர் வளையம் என்பது மூலத்தின் அடியில் இறுக்கி மாட்டி அதை உதிரச் செய்வது. அது டென்டேட் கோட்டுக்கு மேலே, உள்மூலத்துக்கு மட்டும். வலி தெரிகிற வெளித்தோலில் போட்டால் நோயாளி கத்திவிடுவார். லேசரும் பெரும்பாலும் உள்மெத்தைகளைச் சுருக்கவே பயன்படுகிறது. வெளியே தொங்கும் தோலை எடுக்க எப்படியும் வெட்டத்தான் வேண்டும். உள்ளும் வெளியும் சேர்ந்து பெரிதாக இருந்தால் 1937-இல் லண்டனில் மில்லிகன், மார்கன் என்ற அறுவை மருத்துவர்கள் விவரித்த, மூலத்தை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சையே இன்னும் உறுதியானது. அதில் சில வாரம் வலி உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறவரிடம் போங்கள். சாதாரண வெளிமூலத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

முந்திரிக்காடு | செவ்வாய், இரவு 10:05

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முந்திரியும் பலாவும் உண்டு. என் அப்பாவுக்கு 58 வயதில் மலத்தோடு ரத்தம் வந்தது. மூலம்தான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். எட்டு மாதம் லேகியம், பத்தியம், மோர். இடையில் மலம் மெலிந்து வர ஆரம்பித்தது, ஒரு நாளில் நாலு தடவை போவார், போனது போலவே இருக்காது என்பார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. வெயிலில் அலைகிறார், இளைத்துவிட்டார் என்று நினைத்தோம்.

கடைசியில் ஜிப்மருக்குக் கூட்டிப்போனபோது மருத்துவர் விரல் விட்டுப் பார்த்த உடனேயே அவர் முகம் மாறியது. மலக்குடல் புற்றுநோய். விரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எட்டு மாதத்தில் எந்த நாளிலும், யாராவது ஒரு மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தவர்களும் இருக்கிறார்கள், நாடி பிடித்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், அந்த இடத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அப்பா இரண்டு வருடம் இருந்தார்.

வில்லியனூர்_நர்ஸ் | செவ்வாய், இரவு 10:40

எழுதியதற்கு நன்றி, தம்பி. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்தம் போனால், மலம் போகும் பழக்கம் மாறினால், எடை குறைந்தால், ரத்தசோகை என்று யாராவது சொன்னால், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால், மூலம் இருக்கிறது என்பது தெரிந்திருந்தாலும் பெருங்குடல் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம்.

குட்டியானை_கடலூர் | ஆறு வாரம் கழித்து

புண் ஆறிவிட்டது. ஓரத்தில் சின்னத் தோல் மடிப்பு ஒன்று இருக்கிறது. திரும்ப வந்துவிட்டதோ என்று பயந்து காட்டினேன். வெறும் தோல்தான், வலிக்காது, சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள். இப்போது லோடுக்கு முன் டீ குடித்துவிட்டு, போய் வந்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். பெட்டியை இரண்டு பேராகத் தூக்குகிறோம். வண்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர் கேன் வைத்திருக்கிறேன்.

புதியவர்_நெல்லிக்குப்பம் | அன்று இரவு 9:15

இந்த இழையைத் தேடித்தான் வந்தேன். எனக்கும் மூன்று நாளாக அதே இடத்தில் கட்டி. நீலமாக இல்லை, சிவந்து சூடாக இருக்கிறது, துடிக்கிறது. நேற்றிலிருந்து குளிர் காய்ச்சல். சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். வெந்நீரில் உட்காரலாமா?

வில்லியனூர்_நர்ஸ் | இரவு 9:19

ஐயா, உங்களுக்கு வெந்நீர் இல்லை, காலை வரை காத்திருப்பதும் இல்லை. காய்ச்சலோடு துடிக்கிற கட்டி சீழாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரே இரவில் பரவும். மாத்திரையால் மட்டும் போகாது, கீறி வடிய விட வேண்டும். அவசரப் பிரிவுக்கு இப்போதே கிளம்புங்கள், சர்க்கரை மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூட யார் இருக்கிறார்கள்?

குட்டியானை_கடலூர் | இரவு 9:22

நெல்லிக்குப்பத்தில் எங்கே அண்ணே? தனியாள் என்றால் தனிச் செய்தியில் போன் நம்பர் அனுப்புங்கள், வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

புதியவர்_நெல்லிக்குப்பம் | இரவு 9:31

மகனை எழுப்பிவிட்டேன். கிளம்புகிறோம்.